ஸ்லாட் கார்ப் பந்தயம்: விதிகளும் ஆயத்தமும்

கோலி ஆடத் தொடங்குமுன் நீங்கள் முதலில் செய்வது என்ன? "இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது; பெரிய கோலி ஆகாது" என்று பேசி முடிவு செய்கிறீர்கள். அந்தப் பேச்சு முடியாமல் ஆடினால் பாதி ஆட்டத்தில் சண்டை மூளும். மின்சாரத்தால் ஓடும் சிறு கார்களைப் பந்தயம் விடுகின்ற சங்கங்களிலும் இதே நிலைதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் பால் வெட்டுகின்றவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே சமமாக நின்று போட்டியிட விதிகள் எவ்வாறு துணை நிற்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தச்சர் பலகையில் வெட்டும் காடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்லாட் என்பது அந்தக் காடியே. பந்தயப் பாதையின் நெடுகிலும் ஒரு காடி ஓடும். அதன் இருபுறமும் உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும். காரின் முன்னடியில் உள்ள நாக்குப் போன்ற ஓர் உறுப்பு காடிக்குள் இறங்கி வழிகாட்டும். அதனை ஒட்டிய செம்புக் கம்பிப் பின்னல்கள் பட்டைகளை உரசி மின்சாரத்தைப் பெற்று மோட்டாருக்குத் தரும். ஓட்டுபவர் கையில் உள்ள விசையை அழுத்தினால் வேகம் கூடும், விட்டால் குறையும். பெற்றோர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மின்மாற்றி சுவர் மின்சாரத்தைப் பொதுவாக 12 முதல் 15 வோல்ட் அளவுக்குக் குறைத்தே பாதைக்கு அனுப்புகிறது.

குளுவாங் நிலையத்தில் நீங்கள் காணும் இரயில் வளைவிலும் தண்டவாளத்தை விட்டு எளிதில் விலகாது. இந்தக் காரோ வளைவில் சற்று வேகம் மிகுந்தாலும் காடியிலிருந்து எகிறி வெளியே விழும். ஆகவே, விசையை எப்போது விடுவது என்று அறிந்தவனே இங்கு நல்ல ஓட்டுநன். எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கத் தெரிவது திறமை ஆகாது.

இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 1952-ஆம் ஆண்டில் ஸ்கேலெக்ஸ் என்னும் பெயரில் சுருள்வில் விசையால் ஓடும் கார்களை விற்றார். பின்னர் அவற்றில் மின்மோட்டாரைப் பொருத்தி 1957-இல் ஸ்கேலெக்ஸ்டிரிக் என்று வெளியிட்டார். அதன் முதற் பாதைகள் ரப்பரால் ஆனவை என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் அறிந்து வைத்திருப்பது நன்று! பிளாஸ்டிக் பாதை பின்னரே வந்தது. 1960-களில் அமெரிக்காவிலும் இவ்விளையாட்டு பெரிதும் பரவியது.

இக்கார்களுள் பல, உண்மைக் காரின் 32-இல் ஒரு பங்கு அளவுடையவை. 448 சென்டிமீட்டர் நீளமுள்ள கார் 14 சென்டிமீட்டராகச் சுருங்கும். 10 மீட்டர்ப் பாதையை 5 விநாடியில் சுற்றினால் அதன் வேகம் மணிக்கு 7.2 கிலோமீட்டர். அதனை 32-ஆல் பெருக்கிப் பாருங்கள், 230.4 வரும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

இனி விதிகளுக்கு வருவோம். முதல் விதி மோட்டாரைப் பற்றியது. விலை மிகுந்த மோட்டாரை வாங்கியவனே வெல்வான் எனில் அது பெற்றோரின் பணப்பைகளுக்கிடையே நடக்கும் பந்தயம். எனவே சில சங்கங்கள் ஒரே வகை மோட்டாரைத் தாமே வாங்கி வைத்து, பந்தய நாளில் பங்கிட்டுத் தருகின்றன. வேறு சில சங்கங்கள் பெட்டியில் வந்த உறுப்புகளை மாற்றவே கூடாது என்கின்றன.

அடுத்தது காந்தம். பல கார்களின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அது பாதையிலுள்ள எஃகுப் பட்டையை இழுத்துப் பிடிப்பதால் கார் வளைவிலும் விழாது. சிறு பிள்ளைகள் பழகுவதற்கு இது நல்லதுதான். ஆயினும் காந்தம் வலுத்தால் ஓட்டுபவனின் திறமைக்கு வேலையில்லாமற் போகிறது. ஆகவே பல சங்கங்கள் அதனைக் கழற்றிவிடச் சொல்கின்றன. என் கருத்தும் அதுவே. ஒட்டுப்பலகையில் காடி வெட்டிச் செம்பு நாடா ஒட்டிய பாதையில் இச்சிக்கலே எழாது. செம்பைக் காந்தம் இழுப்பதில்லை அல்லவா?

காரை ஆயத்தம் செய்வதில் பாதி வேலை டயரில்தான் இருக்கிறது. புதிய டயர் பார்வைக்கு வட்டமாகத் தோன்றினாலும் முழு வட்டமாக இராது. உப்புத்தாளைப் பலகையில் ஒட்டி, அதன்மீது பின்சக்கரங்களை மெல்லத் தொடவிட்டு மோட்டாரை ஓட்டினால் மேடுகள் தேய்ந்து சமமாகும். அழுத்தினால் சூடேறி ரப்பர் கெடும், பொறுமை வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் முன் டயரை ஒட்டு நாடாவின் பசைப்புறத்தில் உருட்டித் தூசியை எடுக்க வேண்டும். பிடிப்பைக் கூட்டும் திரவங்களைத் தடவுவதைச் சங்கங்கள் பலவும் தடை செய்கின்றன. ஒருவன் தடவியது பாதையில் படிந்து மற்றவர் ஓட்டத்தையும் மாற்றிவிடும் என்பதே காரணம்.

அச்சுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். அது டயரில் வழிந்தால் முன் செய்த வேலையெல்லாம் வீண். கம்பிப் பின்னலின் நுனியை விசிறிபோல் விரித்துவிட வேண்டும். எடை சேர்ப்பதானால் தாழ்வாகச் சேர்க்க வேண்டும். உயரத்தில் வைத்த எடை காரைக் கவிழ்க்கும்.

நம் பிள்ளைகள் நன்கறிந்த டாமியா நிறுவனத்தின் நான்கு சக்கரச் சிறு கார் 1982-இல் ஜப்பானில் பிறந்தது. அதற்குக் காடியும் இல்லை, கைவிசையும் இல்லை. இரண்டு பேட்டரிகளோடு சுவர்களுக்கிடையே தானாக ஓடும். அதற்கும் அகலம் 105 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, எடை 90 கிராமுக்குக் குறையக் கூடாது என்ற விதிகள் உண்டு. ஓட்டுபவர் இல்லாததால் அங்கே உறுப்புகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. செலவும் அதனால் ஏறுகிறது. நம் பள்ளியில் இத்தகைய சங்கம் அமையுமானால், எந்தக் காராயினும் அது பள்ளியின் உடைமையாக இருந்து, சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளிடம் தரப்படுவதே தக்கது என்பேன்.

நான்கு காடிகள் உள்ள பாதையில் உட்காடி நீளம் குறைந்தது. ஆனால் அதன் வளைவு இறுக்கமானது. வெளிக்காடி நீண்டது, வளைவு தளர்வானது. எனவே ஒவ்வொருவரும் நான்கு காடிகளிலும் சம நேரம் ஓட்ட, சுற்றுகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஒருவன் 22, 24, 23, 21 என ஓடினால் மொத்தம் 90. மற்றொருவன் 23, 23, 22, 21 என ஓடினால் 89. முதற் காடியில் பின்தங்கியவனே இங்கு வென்றிருக்கிறான்.

தன் முறை இல்லாதவன் சும்மா நிற்கலாகாது. வளைவருகே நின்று, விழுந்த காரை எடுத்து அதே காடியில் வைக்க வேண்டும். தோழன் கார் என்று விரைந்தும் போட்டியாளன் கார் என்று தாமதித்தும் வைக்கக் கூடாது. இரு கார்கள் ஒன்றாக விழுந்தால் மோதியவனின் காரைப் பின்னர் வைப்பது பல இடங்களில் வழக்கம். இப்பணிக்கு வராதவனுக்குச் சுற்றுகள் குறைக்கப்படும். இருவர் சுற்றுகளும் சமமானால், மின்சாரம் நின்றபோது கார்கள் நின்ற இடத்தைப் பார்ப்பார்கள். அதற்காகவே பாதையோரத்தில் 1, 2, 3 எனப் பகுதி எண்களை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள்.