பெயர் போடாத கம்பெனி (அடாரி வீழ்ந்த கதை)



வீடியோ கேம் என்றாலே நம்ம பசங்களுக்கு ஒரே குஷி. ஆனால் டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோன கம்பெனி எது, அது ஏன் நொடித்துப் போச்சு என்று கேட்டால் நிறைய பேருக்குத் தெரியாது. அதன் பெயர் அடாரி. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

வளர்ந்த கதை

1972-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் அடாரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆலன் அல்கார்ன் என்ற என்ஜினியர் 'பாங்' என்ற ஆட்டத்தைச் செய்தார். திரையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து. காசு போட்டு விளையாடும் அந்த மிஷினை முதலில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் அது நின்றுவிட்டது. என்ன ரிப்பேர் என்று திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி அடைத்துக்கிட்டு இருந்ததாம்!

1976-ல் வார்னர் என்ற பெரிய கம்பெனி அடாரியை விலைக்கு வாங்கியது. 1977-ல் கேசட் போட்டு விளையாடும் பெட்டி வந்தது. பின்னாளில் அதற்கு 'அடாரி 2600' என்று பெயர். கேசட்டை மாற்றினால் ஆட்டமும் மாறும். 1980-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேசட் வந்ததும், அதை விளையாடுவதற்காகவே பலர் பெட்டியை வாங்கினார்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் என்றால் அடாரி என்று ஆகிவிட்டது.

உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் பெட்டியின் நினைவகம் வெறும் 128 பைட். ஒரு பைட் என்பது ஒரு ஆங்கில எழுத்து வைக்கும் இடம். அப்படியென்றால் 128 எழுத்துதான். நம்ம நோட்டில் மூணு நாலு வரி எழுதினாலே அது தீர்ந்து போகும். அதற்குள் ஓட்டம், மோதல், மதிப்பெண் எல்லாம் நடக்கணும். பெரும்பாலும் ஒரே ஆள்தான் ஆட்டத்தை யோசித்து, படம் போட்டு, சத்தம் சேர்த்து, புரோகிராமும் எழுதினார். லேசான வேலை இல்லை.

பெயர் எங்கே?

இவ்வளவு கஷ்டப்பட்டவரின் பெயரைக் கேசட்டிலோ அட்டையிலோ அடாரி போடவில்லை. ஆட்டம் எத்தனை லட்சம் விற்றாலும் அவருக்கு மாதச் சம்பளம்தான்.

வாரன் ராபினெட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 'அட்வென்சர்' என்ற ஆட்டத்தில் ஒரு ரகசிய அறையை வைத்து, அதில் தன் பெயரை எழுதிவிட்டார். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. 15 வயதுப் பையன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் அடாரிக்கே தெரிந்தது. அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார்.

டேவிட் கிரேன், ஆலன் மில்லர், லாரி கப்லன், பாப் வைட்ஹெட் என்ற நான்கு பேர் நேராகவே போய்க் கேட்டார்கள். விற்பனையில் பாதிக்கு மேல் தாங்கள் செய்த ஆட்டங்கள்தான் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருந்தார்கள். அப்போது தலைவராக இருந்த ரே கஸார் துணி ஆலைத் தொழிலில் இருந்து வந்தவர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு பேரும் வெளியேறி 1979-ல் 'ஆக்டிவிஷன்' என்ற கம்பெனி தொடங்கினார்கள். அடாரி பெட்டிக்கே கேசட் செய்து விற்றார்கள். செய்தவர் பெயரை அட்டையில் போட்டார்கள். 1982-ல் கிரேன் செய்த 'பிட்ஃபால்' லட்சக்கணக்கில் விற்றது. அடாரி கோர்ட்டுக்குப் போயும் அவர்களைத் தடுக்க முடியவில்லை.

விழுந்த கதை

அதைப் பார்த்துப் பல புது கம்பெனிகள் அவசர அவசரமாகக் கேசட் செய்ய ஆரம்பித்தன. நிறைய மட்டமான சரக்கு. அடாரியும் அவசரப்பட்டது. 1982-ல் வந்த அதன் 'பேக்மேன்' 70 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அதில் பேய்கள் மினுக் மினுக் என்று மறைந்து மறைந்து வந்ததால் வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்.

அடுத்தது 'ஈ.டி.' சினிமாவை வைத்து ஒரு ஆட்டம். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்தே ஆகணும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம்தான் கொடுத்தார்கள். மற்ற ஆட்டங்களுக்குப் பல மாதம் கிடைக்கும். அவர் திறமைசாலிதான், நேரம்தான் இல்லை. லட்சக்கணக்கான கேசட் விற்காமல் தேங்கியது.

1983-ல் அடாரிக்கு 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகார்டோ ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். இதைப் பல பேர் கட்டுக்கதை என்றார்கள். 2014-ல் தோண்டியபோது ஈ.டி. கேசட்டுகள் நிஜமாகவே வெளியே வந்தன!

1984-ல் வார்னர், வீட்டு வீடியோ கேம் பிரிவை ஜாக் டிராமியல் என்பவருக்கு விற்றது. 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ தன் பெட்டியுடன் அமெரிக்காவுக்கு வந்தது. அடாரி உட்கார்ந்திருந்த இடம் அதற்குப் போனது. 1993-ல் வந்த 'ஜாகுவார்' பெட்டியும் அடாரியைக் காப்பாற்றவில்லை. இன்று அந்தப் பெயர் வேறு ஒரு கம்பெனியின் கையில் இருக்கிறது.

நாம் தெரிந்து கொள்வது

1. நல்ல வேலைக்காரர்களை மதிக்காவிட்டால் அவர்களே போட்டியாளராக வருவார்கள்.
2. பெயருக்காக வாங்குபவர்கள் ஒரு தடவை ஏமாறுவார்கள், அடுத்த தடவை வாங்க மாட்டார்கள்.
3. அவசரத்தில் செய்த வேலை குப்பைக்குத்தான் போகும்.

பெயர் போடாததால் மட்டுமே அடாரி விழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவு அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கருத்து. பெயர் போட ஒரு பைசா செலவு இல்லையே!

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம சுவர் இதழில் கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்கு. ஓரத்தில் பூ வரைந்தவங்க பெயரும், ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதியவங்க பெயரும் இல்லை. அடுத்த இதழில் இருந்து அவங்க பெயரையும் போடும்படி தமிழ் ஐயாவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.