ஒரே மருந்து, இரண்டு பெயர்: பிரசவத்துக்குப் பின் கவனம்



வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போவது நம்ம பழக்கம். ஏழாம் மாதம் வரை செக்கப் அறந்தாங்கிப் பக்கம் என்றால், பிரசவம் பொன்னமராவதிப் பக்கம் நடக்கும். வீடு திரும்பியபின் உதிரம் அதிகமானால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்கே ஓடுவோம். மூன்று இடம், மூன்று சீட்டு. முதல் இடத்தில் கொடுத்த மருந்து மூன்றாவது இடத்தில் இருக்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான் தெரியும்.

எது ஆபத்து?

பிரசவமான 24 மணி நேரத்துக்குள் அரை லிட்டர் அல்லது அதற்கு மேல் ரத்தம் போனால் அது அதிக உதிரப்போக்கு. அதன்பிறகும் சில வாரங்கள் வரை இது வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனைந்தால், பெரிய கட்டியாக ரத்தம் விழுந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

என்ன மருந்து கொடுக்கிறார்கள்?

ஆக்ஸிடோசின்: கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி. முதலில் கொடுப்பது இதைத்தான்.

மெத்தில் எர்கோமெட்ரின்: இதுவும் கர்ப்பப்பையைச் சுருக்கும். ஆனால் ரத்தக்குழாயையும் சுருக்கும். அதனால் பி.பி. உள்ள பெண்ணுக்கு ஆகாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகளோடு சேர்ந்தால் இது உடம்பில் அதிகமாகத் தங்கி, கை கால் ரத்த ஓட்டம் பாதிக்கலாம். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சில மாத்திரைகளோடும் சேரக்கூடாது.

கார்போபிராஸ்ட்: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஊசி மூச்சிரைப்பை உண்டாக்கும்.

மிசோபிரோஸ்டால்: மாத்திரை. அளவு கூடினால் குளிர் நடுக்கமும் கடும் காய்ச்சலும் அதிகமாகும்.

டிரானெக்ஸாமிக் அமிலம்: ரத்தம் உறைந்து நிற்க உதவும். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 21 நாடுகளில் சுமார் 20,000 தாய்மார்களிடம் நடந்தது. பிரசவமான 3 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போட்டவர்களில், ரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கால் நரம்பில் ரத்தம் உறைந்த பெண்ணுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கும் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று மருந்து அடுத்தடுத்துப் போட்டால் அது தவறில்லை. உயிரைக் காக்க அப்படித்தான் போடுவார்கள். நமக்குத் தெரியாமல் இரட்டிப்பாவதுதான் ஆபத்து.

எப்படி இரட்டிப்பாகிறது?

ஒரே மருந்தை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் விற்கிறது. அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயரும் தனியாக இருக்கும். இரண்டு சீட்டில் இரண்டு பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே மருந்து இருக்கலாம்.

இன்னொன்று, ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து. டிரானெக்ஸாமிக்கோடு மெஃபெனாமிக் என்ற வலி மருந்தையும் சேர்த்து விற்கிறார்கள். இது தெரியாமல் கடையில் தனியாக ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டால் வலி மருந்து இரண்டு பங்காகிவிடும். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம்.

ரத்தம் போன பிறகு

சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள், தினம் ஒன்று சாப்பிட வேண்டும். வெளியே வாங்கும் டானிக்கிலும் இரும்புச்சத்து இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். இரும்பு உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை போட்டதும் டீ குடிப்பதும் இப்படித்தான்.

நாம் செய்ய வேண்டியது

1. தாய் சேய் நலப் புத்தகம், டிஸ்சார்ஜ் சீட்டு, மிச்சமுள்ள மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தாயோடு அந்தப் பையும் போக வேண்டும்.

2. வேறு ஆஸ்பத்திரிக்கு, புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனைக்கு என்று அனுப்பும்போது, என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி வாங்குங்கள். ஆனால் சீட்டு வர நேரமாகும் என்று வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

3. பி.பி., ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், ஏற்கெனவே ஒவ்வாத மருந்து இவற்றைக் கேட்காமலேயே சொல்லுங்கள்.

4. பிரசவ லேகியமும் காய மருந்தும் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.

5. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று வாங்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

நம் குழுவில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள்? அவர்களுடைய சீட்டுகள் யார் வீட்டில் இருக்கின்றன? அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளைக் கொண்டு வாருங்கள். படித்த தோழிகள் மருந்தின் பெயரைப் படித்துக் காட்டட்டும். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டுக் கேட்போம்.