சேணத்தோடு வண்டி ஏறும் குதிரை

மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் தொடங்கிவிட்டது. குதிரையை ஏற்றிவந்த பிக்கப் வண்டி கோயில் வாசலில் வந்து நிற்கிறது. பின்கதவை இறக்கிப் பார்த்தால், கிளம்பும்போது முதுகில் பூட்டிய சேணம் வயிற்றுக்கு அடியில் தொங்குகிறது. ஜரிகைத் துணி பின்னங்காலில் சிக்கிக் கிழிந்திருக்கிறது. குதிரை உடம்பெல்லாம் வேர்த்து, விழி வெளுத்து, நடுங்கிக்கொண்டு நிற்கிறது. இதை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்துவிட்டேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வண்டியில் போகும்போது குதிரைக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருக்கட்டும் என்று யாரோ அன்போடு வயிற்றுவாரைத் தளர்த்திவிட்டிருப்பார்கள்.

அந்த அன்புதான் ஆபத்து. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த வாரைப் பற்றியும், வண்டிக்குள் கயிறு கட்டுவது, அவிழ்ப்பது ஆகியவற்றின் வரிசையைப் பற்றியும்தான். குதிரை வளர்ப்பவர்களுக்கு மற்றதெல்லாம் தெரிந்த சங்கதி.

முதலில்: சேணத்தோடு ஏற்றத்தான் வேண்டுமா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மாட்டுப்பண்ணைக்காரர்கள் விடியலில் சேணம் பூட்டி, குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி, மேய்ச்சல் நிலத்தில் இறக்கிய உடனே ஏறிப் போவார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நம் ஊரிலும் பலர் அப்படியே செய்கிறார்கள். அவர்களுடைய ட்ரெய்லர் நீளமானது, பக்கவாட்டில் காற்று புகுவது, உள்ளே சேணம் மாட்டிக்கொள்ளும்படி குறுக்குக் கம்பிகள் அதிகம் இல்லாதது. குதிரையும் குட்டியிலிருந்தே அதில் ஏறி இறங்கிப் பழகியது. நம்முடையது தார்ப்பாய் போட வளைத்த இரும்புப் பைப்புகள் நிற்கும் பிக்கப். வெயிலும் வேறு.

ஆகவே என் கணக்கு இது. அரை மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம், வண்டி ஏறிப் பழகிய குதிரை, போனதும் உடனே சவாரி: இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் சேணத்தோடு ஏற்றுங்கள். ஒன்று குறைந்தாலும் சேணம் டிரைவர் பக்கத்து சீட்டில் வரட்டும். நன்றாகப் பழகிய கைக்குச் சேணம் பூட்ட பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் இவ்வளவு ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறோம்.

தூர விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். ஓடும் வண்டியில் குதிரை ஓய்வாக நிற்பதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் நாலு காலையும் அகட்டி ஊன்றிச் சமாளிக்கிறது. அது நமக்குத் தெரியாத உழைப்பு. உழைத்தால் வேர்க்கும், வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சேணத்துக்கு அடியிலுள்ள கம்பளம் முதுகின் பெரும்பகுதியை மூடியிருப்பதால் அங்கே வேர்வை காய வழியில்லை. நனைந்த கம்பளம், மேலே சேணத்தின் கனம், இடைவிடாத அதிர்வு எல்லாம் சேர்ந்து தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். சேணப்புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அது ஆறும்வரை அந்தக் குதிரை மேல் யாரும் ஏற முடியாது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி, புதுச் சேணமும் வாங்கி, ஆசையில் அங்கேயே பூட்டி ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உங்களையே இன்னும் சரியாக அறியாத குதிரைக்கு வெறும் தலைக்கயிறு போதும்.

வண்டி

தொட்டியின் உட்சுவர் குதிரையின் நெஞ்சு உயரத்துக்காவது இருக்கட்டும். தரையில் மணல், அதன்மேல் வைக்கோல். வெறும் வைக்கோல் மூத்திரம் பட்டதும் வழுக்கும். பெரிய குதிரைக்குக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி வேண்டாம். தொட்டி சிறியது, வளைவில் ஆட்டமும் அதிகம். சேணத்தின் முன்மேடோ அங்கவடியோ உரசக்கூடிய உயரத்தில் கொக்கி, போல்ட் முனை, உடைந்த பைப்பு இருக்கிறதா என்று உள்ளே நின்று கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்றே ஒரு பகுதி உண்டு. குதிரை பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தால் நடுவில் 8 சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத மூங்கில் கட்ட வேண்டும். பின்பக்கம் இரண்டு உறுதியான தடிகள் வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாதபடி குதிரையின் தலை இடது பக்கம் பார்த்திருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. குதிரையைப் புரிந்துகொண்டவர்கள் எழுதிய விதிகள் இவை. அப்படியே பின்பற்றுங்கள்.

கழற்ற வேண்டியவை

சேணம் இருக்கலாம். கடிவாளம் இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. வாயில் இரும்போடு நிற்கும் குதிரையின் கடிவாளம் ஒரு கொக்கியில் மாட்டி, குதிரை தலையை இழுத்தால், நாக்கு அறுபடும், தாடை உடையும். தலைக்கயிற்றை மட்டும் போட்டு ஏற்றுங்கள். கடிவாளம் உங்கள் தோளில் வரட்டும்.

அங்கவடிகளைத் தொங்க விடாதீர்கள். இரும்பு அங்கவடி என்றால் வாரில் மேலே ஏற்றி, வாரின் நுனியை அதற்குள்ளேயே செருகிவிடுங்கள். தோல் மூடிய பெரிய அங்கவடி என்றால் இரண்டையும் சேணத்துக்கு மேலே கொண்டுவந்து கட்டிவிடுங்கள். மார்பு அலங்காரம், வால்வார், நெற்றிக் குஞ்சம், சலங்கை, ஜரிகைத் துணி எல்லாம் பைக்குள். போய் இறங்கிய பிறகு அலங்கரித்துக்கொள்ளலாம்.

வயிற்றுவார்: எல்லாரும் தவறும் இடம்

சவாரிக்குக் கட்டும் இறுக்கம் ஒன்று, பயணத்துக்குக் கட்டும் இறுக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மிகச் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்தைத்தான் நம்மவர்கள் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

முன்னங்காலுக்குப் பின்னால், வாருக்கும் உடம்புக்கும் நடுவே விரல்களைத் தட்டையாக நுழையுங்கள். சவாரி இறுக்கத்தில் இரண்டு விரல் சிரமப்பட்டு நுழையும். பயண இறுக்கத்தில் அதே இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழையும். அவ்வளவுதான் வித்தியாசம். பக்கிளில் ஒரு துளை, மிஞ்சினால் இரண்டு துளை. உள்ளங்கை முழுதும் நுழைந்தால் அந்தச் சேணம் குதிரையின் முதுகில் இல்லை, குதிரையின் தயவில் இருக்கிறது.

முழுதாக இறுகிய வார் அரை மணி நேரம் குதிரையை உறுத்தும், அதோடு தீர்ந்தது. தளர்ந்த வாரோ அப்படியில்லை. வண்டி ஒரு வேகத்தடையில் குதிக்கும். சேணம் ஒரு பக்கமாகச் சரியும். சரிந்த சேணத்தை முதுகெலும்பு தாங்காது, அது வயிற்றுக்கு இறங்கும். வயிற்றில் ஏதோ தொங்குகிறது என்று தெரிந்த கணமே குதிரைக்கு அது புலிதான். உதைக்கும், துள்ளும், தொட்டியைத் தாண்டப் பார்க்கும். ஓடும் வண்டியில் யாரும் உள்ளே போய் அதைச் சரிசெய்ய முடியாது.

இதில் குதிரை செய்யும் ஒரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. வாரை இழுக்கும்போது பல குதிரைகள் தசைகளை இறுக்கி வயிற்றை உப்பவைக்கும். நாம் சரியாகக் கட்டிவிட்டோம் என்று நினைப்போம். சற்று நேரத்தில் உடம்பைத் தளர்த்தியதும் அதே வார் தளர்ந்துவிடும். அதனால் கட்டியவுடன் ஏற்றாதீர்கள். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது:

1. வண்டி கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே சேணம் பூட்டுங்கள். கம்பளத்தை முன்னால் வைத்து, முடி வளரும் திசையில் பின்னால் இழுத்துச் சரிசெய்யுங்கள்.
2. வாரை மிதமாகக் கட்டி, குதிரையை இருபது முப்பது அடி நடத்துங்கள். வயிறு இறங்கிவிடும்.
3. மறுபடி விரல் வைத்துப் பார்த்து பயண இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னங்கால்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னே இழுத்துவிடுங்கள். வாருக்கு அடியில் மடிந்த தோல் விரிந்துகொள்ளும்.
4. சேணத்தின் முன்மேட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். சேணத்தோடு குதிரையின் தோள்மேடும் சேர்ந்து அசைந்தால் சரி. சேணம் தனியாக அசைந்தால் ஒரு துளை ஏற்றுங்கள்.
5. வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில், நிழல் பார்த்து ஓரங்கட்டி, இன்னொரு தடவை பாருங்கள்.

ஐந்தாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "பக்கத்தில்தானே, போயே பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். நான் பார்த்தவரை சேணம் சரிவது பெரும்பாலும் பயணத்தின் முற்பகுதியில்தான். வயிறு தளர்ந்து, அதிர்வில் கம்பளம் அமுங்கும் நேரம் அது. அந்த ஒரு நிறுத்தத்தைத் தவிர்க்காதீர்கள்.

பின்வார் உள்ள சேணம் என்றால், பூட்டும்போது முன்வார் முதலில், பின்வார் கடைசியில். கழற்றும்போது பின்வார் முதலில், முன்வார் கடைசியில். பின்வார் மட்டும் கட்டிய நிலையில் சேணம் நழுவினால் அது அடிவயிற்றை நெரிக்கும். எவ்வளவு சாதுவான குதிரையும் அதைப் பொறுக்காது.

ஏற்றுவது, கட்டுவது

சாய்பலகை இல்லையென்றால் வாய்க்கால் கரையிலோ மண்மேட்டிலோ வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்துங்கள். தொட்டியும் மண்ணும் ஒரே மட்டமாகிவிட்டால் குதிரை நடந்தே உள்ளே போகும். சேணம் பூட்டிய குதிரை வழக்கத்தைவிட அகலம். வாசலின் நடுவில் நேராக நடத்துங்கள். பக்கத்தில் ஒரு தடவை இடித்தால் அடுத்த தடவை ஏறாது. முன்னால் நின்று முகத்தைப் பார்த்து இழுக்காதீர்கள். தோளோடு தோளாக நடங்கள்.

உள்ளே போனதும் முதலில் பின்தடியைப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். வரிசையை மாற்றிக் கட்டினால், குதிரை பின்னுக்கு வரப் பார்க்கும். கயிறு தலையை இழுக்கும். இழுபட்ட குதிரை பலம் கொண்டமட்டும் பின்னால் விழும்.

முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடுவதாக இருக்க வேண்டும். கழுத்தை இறுக்கும் சுருக்கு ஒருபோதும் வேண்டாம். கயிற்றின் நீளம், குதிரை தலையை அசைத்துச் சமநிலை பார்த்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும். ஒன்றரை முழம் சரியாக இருக்கும். நீளம் கூடினால் முன்னங்கால் கயிற்றைத் தாண்டிவிடும். ஒரு கத்தி இடுப்பில் இருக்கட்டும்.

ஓட்டுவது

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து ஓட்டுவதுபோல் ஓட்டுங்கள். டீக்கடையில் வெயிலில் நிறுத்தாதீர்கள். நின்ற வண்டி சீக்கிரம் சூடாகும்.

இறக்குவது

அவசரத்தில் பெரும்பாலானோர் பின்கதவைத் திறந்துவிட்டுத்தான் தலைப்பக்கம் போகிறார்கள். இது நேர்த் தலைகீழ். பின்னால் வெளிச்சம் தெரிந்ததும் குதிரை பின்னுக்கு வரும், கட்டிய கயிறு தலையைப் பிடித்து இழுக்கும், அது மிரண்டு எகிறும். எகிறும்போது சேணம் பைப்பில் இடித்தால் மிரட்சி இரட்டிப்பாகும்.

தலைக்கயிறு முதலில், பின்தடி பிறகு. ஒருவர் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்ட பின், "அவிழ்த்தாச்சு" என்று சத்தமாகச் சொன்னால்தான் இன்னொருவர் பின்தடியில் கை வைக்க வேண்டும். ஏற்றும்போது செய்ததற்கு நேர் எதிர் வரிசை இது. இதை வேலையாட்களுக்கு வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுங்கள்: *ஏற்றும்போது தடி முதலில், இறக்கும்போது கயிறு முதலில்.*

இறங்கியதும் மேலே ஏறிவிடாதீர்கள். வார் இன்னும் பயண இறுக்கத்தில்தான் இருக்கிறது. நூறு அடி நடத்துங்கள், தண்ணீர் காட்டுங்கள். கம்பளத்தின் முன்பகுதியைத் தோள்மேட்டிலிருந்து சற்றுத் தூக்கிவிட்டுக் காற்றுப் புக விடுங்கள். கடிவாளம் போடுங்கள். அங்கவடியை இறக்குங்கள். வாரைச் சவாரி இறுக்கத்துக்கு ஏற்றுங்கள். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

திரும்பும்போது சேணத்தோடு ஏற்றவே வேண்டாம். ஊர்வலம் முடிந்த குதிரையின் முதுகு நனைந்து, களைத்துப் போயிருக்கும். அதற்கு இனி உடனே சவாரி இல்லை, ஆகவே சேணத்துக்கு ஒரு காரணமும் இல்லை. கழற்றி, ஈரத் துணியால் முதுகைத் துடைத்து, உலரவிட்டு, வெறும் முதுகோடு ஏற்றுங்கள். மேளச்சத்தத்திலும் வெடிச்சத்தத்திலும் உங்களை நம்பி நின்ற உயிருக்கு, வீட்டுக்குப் போகும் வழியிலாவது அந்தப் பாரம் வேண்டாம்.