கருவி கையில் இல்லாதபோது கிதார்ப் பயிற்சி

இசைக்கருவி வாசித்தல், நாள்தோறும் பழகினாலன்றி நிலைபெறாத ஒரு திறனாகும். ஆனால் பணியின் பொருட்டு ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு நாள்தோறும் கருவியைத் தொடும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. கிதார் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ளது. மெல்லிய பலகைகளால் ஆனது. கூட்டம் மிகுந்த பேருந்தில் அதனைச் சிதையாமல் கொண்டு செல்வது அரிது. ஆகவே, பத்து நாள் சுற்றுப்பயணத்துக்குப் புறப்படும் கள ஊழியர் அதனை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார். திரும்பி வந்து எடுக்கும்போது, பழகிய பாடம் தடுமாறக் காண்கிறார். இவ்வாறு சில முறை நேர்ந்தபின் கற்பதையே கைவிட்டவர் உண்டு.

இந்த இடைவெளியைப் பயனுள்ள பயிற்சிக் காலமாக மாற்ற இயலுமா? ஓரளவு இயலும் என்பதே ஆராய்ச்சிகளின் முடிவு. அதற்கான முறையும் எல்லையும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

விரலை இயக்குவது எது?

விரல்களில் தசைகள் இல்லை. விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ளன; அவற்றுக்குக் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. எந்த விரல், எந்தத் தந்தியில், எந்த நொடியில் அமர வேண்டும் என்ற வரிசை முழுவதும் மூளையில் உருவாகிறது. எனவே, வாசிப்பில் ஏற்படும் தடுமாற்றங்களுள் பல, வரிசை தெளிவாக அமையாததால் விளைபவை. இப்பகுதியைக் கருவியின்றியும் பழகலாம்.

இதனைச் சோதித்தறிந்த ஆய்வொன்று 1995ஆம் ஆண்டு வெளியாயிற்று. அமெரிக்காவில் ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும், முன்பு பியானோ பழகாதவர்களுக்கு ஐந்து விரல்களால் வாசிக்கும் சிறு பாடம் ஒன்றைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் நாளொன்றுக்கு 2 மணி நேரமாக 5 நாட்கள் வாசித்துப் பழகினர். மற்றொரு குழுவினர் அதே நேரம் கருவியின்முன் அமர்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனத்தில் எண்ணிப் பார்த்தனர். விரல்களை இயக்கும் மூளைப்பகுதி, தலைக்கு வெளியிலிருந்து செலுத்தப்பட்ட காந்தத் துடிப்புகளைக்கொண்டு அளக்கப்பட்டது. இரு குழுவினரிடத்தும் அப்பகுதி விரிவடைந்திருந்தது.

வாசிப்பின் தரத்தில் வேறுபாடு இருந்தது. மனத்தில் மட்டும் பழகியோர் ஐந்தாம் நாளில் எய்திய நிலை, கையால் பழகியோர் மூன்றாம் நாளிலேயே எய்திய நிலையாகும். ஆனால் பின்னர் ஒரே ஒரு முறை 2 மணி நேரம் கையால் பழகியதும், முன்னவர் மற்றவரை எட்டிவிட்டனர். இதிலிருந்து இரு உண்மைகள் புலனாகின்றன: மனப்பயிற்சி கைப்பயிற்சிக்கு ஈடாகாது, எனினும் அடுத்து வரும் கைப்பயிற்சியின் பயனை அது விரைவுபடுத்துகிறது.

நம் நாட்டு மரபு

கருவியைத் தொடுமுன் பாடத்தை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடும் முறை இந்திய இசைக்குப் புதியதன்று. தபலா கற்பவர் அடிகளின் ஒலிச்சொற்களை மனனம் செய்து தாளத்தோடு ஓதுகிறார். மிருதங்கம் கற்பவர் சொற்கட்டுகளை அவ்வாறே சொல்லிப் பழகுகிறார். சொல்லத் தடுமாறும் இடம் வாசிப்பிலும் தடுமாறும் என்பது இம்மரபினர் அனுபவம். கிதாருக்கும் இம்முறை பொருந்தும்.

அட்டையில் ஒரு கிதார்க் கழுத்து

மனத்தில் எண்ணுவதற்கு ஒரு துணைக் கருவி வேண்டும். அதனைக் கெட்டி அட்டையில் எவரும் செய்துகொள்ளலாம்.

வீணையில் உள்ளதுபோலக் கிதாரின் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஒரு மெட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள சுருதி வேறுபாடு, ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆதலின் பன்னிரண்டாம் மெட்டு, தந்தியின் சரிபாதியில் அமைகிறது. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு கட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து, அதனை இருமடங்காக்கினால் தந்தியின் நீளம் கிடைக்கும். பெரும்பாலான கிதார்களில் இது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்.

இந்நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் 3.65 செ.மீ. எனக் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்துக் கூட்டினால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். இவ்வாறு முதல் ஐந்து மெட்டுகளின் தூரங்கள் முறையே 3.65, 7.09, 10.34, 13.41, 16.31 செ.மீ. ஆகும்.

20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள அட்டையில் இம்மெட்டுகளைக் குறுக்குக் கோடுகளாக வரைக. ஆறு தந்திகளுக்கு ஆறு நெடுங்கோடுகளை, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 8.5 மி.மீ. இடைவெளி விட்டு வரைக. தந்திகளின் இடைவெளி கருவிக்குக் கருவி மாறுமாதலால், தம் கருவியை அளந்து வரைவதே நன்று. இந்த அட்டை ஒரு குறிப்பேட்டினுள் அடங்கிவிடும்.

பயிற்சி முறை

கார்டு எனப்படும் சுரக்கூட்டை மாற்றிப் பிடிப்பதே தொடக்க மாணாக்கருக்குப் பெருந்தடை. சி மேஜர், ஜி மேஜர் என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்க. மிக மெல்லிய தந்தி முதலாவது. மிகத் தடித்தது ஆறாவது.

சி மேஜர்: மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் கட்டத்திலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் கட்டத்திலும், சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதற் கட்டத்திலும் அமரும்.

ஜி மேஜர்: நடுவிரல் ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டத்திலும், சுட்டுவிரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் கட்டத்திலும், மோதிர விரல் முதல் தந்தியின் மூன்றாம் கட்டத்திலும் அமரும்.

1. முதலில் விரல்களின் இடங்களை வாய்விட்டோ மெதுவாகவோ சொல்லிப் பார்க்க வேண்டும்.

2. பின்னர் இடக்கையில் அட்டையைக் கிதார்க் கழுத்தைப்போலப் பிடித்து, வலக்கையால் தொடையில் ஆதி தாளம் போட வேண்டும். லகுவின் நான்கு எண்ணிக்கைக்குச் சி மேஜர். இரு திருதங்களின் நான்கு எண்ணிக்கைக்கு ஜி மேஜர்.

3. அதனுடன் சுரத்தையும் மனத்தில் கேட்க வேண்டும். சி என்பதை ஸட்ஜமாகக் கொண்டால், முதற் கூட்டு ஸ, க, ப. இரண்டாவது ப, நி, ரி. இவை சங்கராபரணத்தின் சுரங்கள்.

4. இறுதியாக, அட்டையை வைத்துவிட்டுக் கண்களை மூடி, விரலை அசைக்காமல் முழுப் பாடத்தையும் எண்ண வேண்டும்.

எண்ணம் சரியாக இருக்கிறதா என்பதைக் கடிகாரத்தால் அறியலாம். ஓர் இடத்துக்கு நடப்பதாக எண்ண ஆகும் நேரமும் உண்மையில் நடக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒத்திருப்பதை, 1989இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் காட்டினர். வீட்டில் 40 நொடியில் வாசித்த பகுதி மனத்தில் 20 நொடியில் முடிந்துவிடுமாயின், மாற்றங்கள் சில விடுபட்டன என்று கொள்ள வேண்டும். அங்ஙனம் விடுபட்ட இடமே பெரும்பாலும் கடினமான இடம்.

எச்சரிக்கைகள்

தவறான விரலை மனத்தில் பழகினால் தவறும் உறுதிப்படும். ஐயம் தோன்றும் இடத்தில் நிறுத்தி, அதனைக் குறித்துவைத்து, கருவியில் சரிபார்க்கும் வரை விட்டுவிடுக. ஒரு வேளைக்கு 20 நிமிடங்கள் போதும். அதற்கு மேல் கவனம் சிதறும். வாகனம் ஓட்டும்போது இப்பயிற்சி அறவே கூடாது.

விரல் நுனியின் தோல் தடிப்பு, தந்தியை அழுத்தும் வலிமை, ஒலியின் இனிமை ஆகியவை அட்டையால் வாரா. பல நாட்களுக்குப்பின் கருவியை எடுப்பவர் விரல் நுனி வலிப்பதைக் கண்டு, மறந்துவிட்டதாக எண்ணுதல் கூடாது. முதல் நாள் குறைந்த நேரமே வாசித்து, தோல் பழகியபின் நேரத்தைக் கூட்டலாம்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடம் பயணம் செய்வோர்க்கு மட்டும் உரியதன்று. முப்பது மாணாக்கர் உள்ள வகுப்பில் ஒரே கிதார் இருக்குமாயின், 40 நிமிடப் பாடவேளையில் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. எஞ்சிய நேரத்தில் அவர்கள் வேடிக்கை பார்ப்பதே வழக்கம். ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருந்தால், ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருபத்தொன்பது பேரும் அதே தாளத்தில் விரல் பழகலாம். தம் முறை வரும்போது ஒவ்வொருவரும் ஆயத்தமாக இருப்பர். அட்டை செய்யும் பணியையே கணித வகுப்பில் பயிற்சியாக அளிக்கலாம். வீட்டில் கருவி வாங்க இயலாத மாணாக்கருக்கு இதனால் விளையும் பயன் பெரிது.

வினாக்கள்

1. தந்தியின் நீளம் 63 செ.மீ. ஆனால், பன்னிரண்டாம் மெட்டு எங்கே அமையும்? முதல் மெட்டின் தூரம் என்ன?

2. மனப்பயிற்சியால் பெறக்கூடியவை எவை? பெற இயலாதவை எவை?

3. ஒரு பாடத்தை மனத்திலும் பின்னர்க் கருவியிலும் வாசித்து, இரண்டுக்கும் ஆன நேரத்தை ஒப்பிடுக. வேறுபாடு தோன்றிய இடத்தைக் குறிப்பிடுக.