சாரல் காலத்தில் பூஞ்சையைத் தடுக்க 10 குறிப்புகள்

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கி, குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிடும். அருவியில் குளித்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டையில் குடியிருப்பவர்களுக்கோ ஆவணி வரை துணியும் காயாது, சுவரும் காயாது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. அதை எவ்வளவு துடைத்தாலும், ஈரம் நிற்காதவரை திரும்ப வரும்.

1. பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் மூச்சோடு உள்ளே போனால் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, வறட்டு இருமல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறுகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்திருக்கிறது. குழந்தைக்கு இருமல் நீடித்தால், வீட்டில் ஓதம் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. சுவரில் கறுப்பாகப் படர்ந்ததும், 2021-ல் கொரோனாவோடு வந்த கரும்பூஞ்சை நோய் என்று பயப்பட வேண்டாம். அது வேறு வகைப் பூஞ்சையால் வருவது. ஆனாலும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்தோ புற்றுநோய்ச் சிகிச்சையோ எடுப்பவர்கள் பூஞ்சையைச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கக் கூடாது.

3. சாரல் மேற்கிலிருந்து அடிப்பதால் முதலில் மேற்குச் சுவரைப் பாருங்கள். உள்பக்கம் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறதா, பெயிண்ட் உப்பிப் பொடியாக உதிர்கிறதா? அங்கே ஓதம் ஏறிவிட்டது.

4. சுத்தம் செய்யும்போது ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறையும் என்-95 முகக்கவசமும் அணியுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் துடைத்து, ஃபேன் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிப்பறை திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

5. பூஞ்சைமேல் பெயிண்ட் அடித்து மறைப்பது வீண் செலவு. உடைந்த ஓடு, தளத்து விரிசல், கசியும் குழாய் ஆகியவற்றைப் பங்குனி, சித்திரை வெயிலிலேயே சரிசெய்யுங்கள். பழைய காரைச் சுவருக்குச் சுண்ணாம்பு நல்லது. அதன் காரத்தன்மை பூஞ்சையை வளரவிடாது, சுவரின் ஈரமும் வெளியேறும்.

6. பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். பட்டுச்சேலை, வேட்டிகளை நன்றாக உலர்ந்த பிறகே மடித்து வையுங்கள். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் பீரோவைத் திறந்து காற்றாட விடுங்கள். பாச்சை உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை எடுக்காது.

7. படுக்கையறையில் கொடி கட்டித் துணி காயப்போடாதீர்கள். வேறு இடமில்லை என்றால் இடைவெளி விட்டுப் போட்டு, ஃபேனை ஓடவிட்டு, ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

8. நனைந்த மெத்தை, தலையணை, பாயை அன்றே காயவைக்கத் தொடங்குங்கள். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தாலே பூஞ்சை பிடித்துவிடும். உள்ளே ஊறி மக்கிய வாடை வீசும் மெத்தையைத் தூக்கிப்போடுவதே நல்லது.

9. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், தேங்காய்க் கொப்பரையில் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம் கண்டால் மிகுந்த கவனம் தேவை. அதில் கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். கழுவினாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுமையாகப் போகாது. அந்தக் கொப்பரையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், நஞ்சு பாலில் இறங்கும்.

10. அப்பளம், வற்றல், பருப்பை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். ஊறுகாய்க்கு உலர்ந்த கரண்டியே வேண்டும். பிரெட்டில் ஓர் ஓரம் பூத்திருந்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

வாடகைக்கு வீடு விடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த சாரலுக்கு முன் கூரையையும் மேற்குச் சுவரையும் பழுதுபார்த்துக் கொடுங்கள். குடியிருக்கும் குழந்தைகளின் மூச்சுக்கு அதுதான் முதல் பாதுகாப்பு.