அபராதம் கட்டும் முன் படத்தைப் பாருங்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் வசிக்கிறேன். 22 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். ஒரு வழக்குகூட என் மேல் இல்லை. போன வாரம், 60 கி.மீ. வரம்புள்ள சாலையில் 84 கி.மீ. வேகத்தில் போனதாக 1,000 ரூபாய்க்கு இ-செலான் வந்தது. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போன நாள் அது. 50-ஐத் தாண்டவே இல்லை. செலானில் உள்ள படத்தில் என் காரை ஒட்டி இன்னொரு கார் முந்திப் போகிறது. "கோர்ட்டுக்கு அலையாதே, பேசாமல் கட்டிவிடு" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி, காருக்கு முதல் முறை அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. மறுமுறை அதே குற்றம் என்றால் ஓட்டுநர் உரிமத்தையே முடக்கிவைக்க அந்தப் பிரிவு வழிசெய்கிறது. இன்று கட்டும் ஆயிரம் நாளை உங்கள் லைசென்ஸுக்கு உலை வைக்கலாம்.

உங்கள் வழக்கின் உயிர் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. சட்டப்படி, வேறெந்தச் சாட்சியும் இல்லாமல், ஒருவர் கண்ணால் பார்த்து "வேகமாகப் போனார்" என்று சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது. கருவி கணக்கிட்ட வேகம் வேண்டும். அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த 167ஏ விதி சொல்கிறது. அதற்கு அரசின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை முன்னாலேயே இருக்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் படமும், கருவி காட்டிய அளவும் செலானில் இருக்க வேண்டும். இரண்டு கார் இருக்கும் படத்தில் அந்த 84 யாருடையது? இதுதான் உங்கள் கேள்வி.

முதலில் இ-செலான் தளத்திலேயே படத்துடன் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். செலானில் குறித்துள்ள கெடுவைத் தவறவிடாதீர்கள். வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அங்கே இரண்டு வழி காட்டும்: அபராதம் கட்டுவது, வழக்காடுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும்.

அங்கே உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். குற்றச்சாட்டைச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். பதற்றத்தில் "ஆமாம்" என்று சொல்லி முடித்துக்கொள்பவர்கள் பலர். நீங்கள் நிதானமாக, "ஒப்புக்கொள்ளவில்லை, ஐயா" என்று சொல்லுங்கள். வழக்கு விசாரணைக்குப் போகும், வாய்தா கொடுப்பார்கள். ஒரே நாளில் முடியாது, ஒன்றிரண்டு முறையாவது போய்வர வேண்டியிருக்கும். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது காவல்துறை. கருவியின் சான்றிதழையும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றையும் கேளுங்கள். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. ஆனால் குறுக்கு விசாரணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு நீங்கள் அங்கே போனதைக் காட்டுமே தவிர, உங்கள் வேகத்தைக் காட்டாது. கேமரா படம் எடுத்த நேரத்தோடும் தூரத்தோடும் சேர்த்துக் காட்டினால்தான் துணைச் சாட்சியமாகும். தோற்றால் நீதிமன்றம் 2,000 வரைகூட விதிக்கலாம். உண்மையிலேயே வேகமாகப் போயிருந்தால் வாதாடாமல் கட்டிவிடுவதே நியாயம். அந்த வரம்பு சாலையைக் கடக்கும் மனிதருக்காக வைத்தது. நீங்கள் அப்படிப் போகவில்லை என்றால் தயங்காமல் நில்லுங்கள்.

காரில் டேஷ்கேம் இருந்தால், பழைய பதிவின் மேல் புதியது ஏறும் முன் இன்றே நகலெடுங்கள். செலான் படத்தையும் சேமித்துவையுங்கள்.