‘தீபாவளி’ திறக்கும், ‘பொங்கல்’ திறக்காது: யூனிக்ஸ் கணினிகளிடையே தமிழ்க் கோப்புகள்

மாணவர் அமைப்பு ஒன்றின் நாடகப் பிரதிகளும் நிழற்படங்களும் ஆண்டு மலர்ப் பக்கங்களும் ஒரே கணினியில் இருப்பதில்லை. ஒருவர் மேக் வைத்திருப்பார். மற்றொருவர் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துவார். பொதுச் சேமிப்புக் கணினியில் ஃபிரீபிஎஸ்டி ஓடும். மூன்றும் யூனிக்ஸ் மரபைச் சேர்ந்தவைதாமே, எளிதில் ஒத்துப்போகும் என்று எண்ணுவோம். ஒத்துப்போகாத அன்று, ‘தமிழில் பெயர் வைத்ததுதான் கோளாறு’ என்று சொல்லி எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டிவிடுகிறோம். அதற்குத் தேவையே இல்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூனிக்ஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழி என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியது. இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் கோளாறு வந்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் கேள்வி: கணினியை அடைய முடிகிறதா?

முதலில் பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால், ஷோமவுண்ட் கட்டளையால் வழங்கி எந்தெந்த அடைவுகளைப் பகிர்கிறது என்று கேளுங்கள். என்எஃப்எஸ் 2049ஆம் வாயிலில் இயங்குகிறது. பழைய 3ஆம் பதிப்புக்கு 111ஆம் வாயிலும் வேறு சில வாயில்களும் தேவை. 4ஆம் பதிப்புக்கு 2049 மட்டும் போதும். தீச்சுவர் இவற்றை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மேக்கிலிருந்து லினக்ஸ் வழங்கிக்குச் செல்லும்போது இன்னொரு தடையும் உண்டு. மேக் பொதுவாக 1024க்கு மேற்பட்ட வாயிலிலிருந்து பேசும். லினக்ஸ் வழங்கி அதற்குக் கீழ்ப்பட்ட வாயிலிலிருந்து வருவதையே ஏற்கும். மேக்கில் இணைக்கும்போது ‘ரெஸ்வ்போர்ட்’ என்ற தெரிவைச் சேர்த்தால் தடை நீங்கும்.

இரண்டாம் கேள்வி: உரிமை இருக்கிறதா?

அடைவு தெரிகிறது, ஆனால் எழுத முடியவில்லை என்றால் பயனர் எண்ணைப் பாருங்கள். என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் உங்கள் பெயரை அனுப்புவதில்லை, எண்ணை மட்டுமே அனுப்புகிறது. மேக்கில் முதல் பயனரின் எண் 501, உபுண்டுவில் 1000, ஃபிரீபிஎஸ்டியில் பொதுவாக 1001. பெயரும் புளோக்கும் இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் எழுதிய கடிதம் போன்றது இது. ஈசூனில் அந்த எண்ணில் ஒருவர் இருப்பார், தேக்காவில் வேறொருவர் இருப்பார். ‘ஐடி’ கட்டளை உங்கள் எண்ணைக் காட்டும். எல்லாக் கணினிகளிலும் ஒரே எண்ணைக் கொடுங்கள். அல்லது, ஒருவரையொருவர் நம்பும் சிறு குழுவானால், வருவோர் அனைவரையும் ஒரே பயனராகக் கொள்ளுமாறு வழங்கியில் அமையுங்கள்.

மூன்றாம் கேள்வி: பெயர் ஒன்றுதானா?

தமிழர்களாகிய நம்மைத் தனியாகப் பாதிப்பது இதுதான். லிட்டில் இந்தியாவில் எடுத்த படங்களைத் தெருவாரியாக அடைவுகளில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ‘சிராங்கூன் சாலை’, ‘கேம்பல் லேன்’ ஆகியவை மேக்கில் திறக்கின்றன. ‘பஃபலோ சாலை’, ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ ஆகியவை பட்டியலில் தெரிந்தும் ‘காணவில்லை’ என்கிறது. ‘தீபாவளி’ திறக்கிறது, ‘பொங்கல்’ திறக்கவில்லை.

திறக்காதவற்றில் ஒகர, ஓகார உயிர்மெய்கள் இருப்பதைக் கவனியுங்கள். ‘பொ’ எழுத ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் வேண்டும் என்று தொடக்கப்பள்ளியில் படித்தோம். யூனிகோட் இதை இரண்டு வகையில் எழுத இடம் தருகிறது: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனி இரு குறிகளாகவும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படியே. ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குக்கூட இரண்டு வடிவம் உண்டு. ஆகவே ஔவையாரும் தப்பவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விதிப்படியும் இரண்டும் சமம்.

ஆனால் லினக்ஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை. பைட் வரிசையாகவே பார்க்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். சேர்ந்த வடிவில் ‘பொங்கல்’ 21 பைட். பிரிந்த வடிவில் 24 பைட். லினக்ஸுக்கு இவை வெவ்வேறு பெயர்கள். ஆப்பிள் 1998இல் வெளியிட்ட எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017 முதல் மேக்கில் வந்த ஏபிஎஃப்எஸ் இரு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்கிறது. எனினும் மேக்கின் செயலிகள் பல பெயரைப் பிரித்து அனுப்புவதால், பிணையத்தின் மறுமுனையில் உள்ள லினக்ஸுக்கு அது புதுப்பெயராகிவிடுகிறது.

சோதிப்பது எளிது. ‘எல்எஸ்’ தரும் பெயரை ‘டபிள்யூசி’ கட்டளைக்கு அனுப்பிப் பைட்டுகளை எண்ணுங்கள். வரிமுடிவுக்கு 1 சேர்த்து, ‘பொங்கல்’ 22 என்றால் சேர்ந்த வடிவம். 25 என்றால் பிரிந்த வடிவம்.

தீர்வுக்கு மூன்று படிகள். மேக்கில் என்எஃப்எஸ் இணைக்கும்போது ‘என்எஃப்சி’ என்ற தெரிவைச் சேருங்கள். பெயர்கள் சேர்ந்த வடிவிலேயே செல்லும். பழைய பெயர்களை லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்ற நிரலால் மாற்றுங்கள். அது முதலில் ஒத்திகை மட்டுமே பார்க்கும், நீங்கள் உறுதி சொன்ன பிறகே மாற்றும். இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் கோப்பமைப்பை உருவாக்கும்போதே பெயர்ச் சீர்மையைத் தெரிவு செய்ய வேண்டும். பின்னர் மாற்ற முடியாது.

ஒரு எச்சரிக்கை. ஒரே அடைவில் ‘பொங்கல்’ இரண்டு முறை தெரிந்தால் ஒன்றை உடனே அழித்துவிடாதீர்கள். ஒன்றில் சென்ற ஆண்டுப் பிரதியும் மற்றொன்றில் நேற்றுத் திருத்திய பிரதியும் இருக்கக்கூடும். இரண்டையும் திறந்து ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

கணினியில் தமிழ் இயல்பாக இயங்கவேண்டும் என்பதற்கு இவ்வூர் நிறைய உழைத்திருக்கிறது. ‘கணியன்’ தந்த நா. கோவிந்தசாமி இங்கு வாழ்ந்து 1999இல் மறைந்தவர். தமிழ்நெட் 97 மாநாடு 1997இல் இங்கு நடந்தது. 2000இல் இங்கு நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உத்தமம் அமைப்பு பிறந்தது. அன்று எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், அனுப்பிய மடலைப் பெற்றவர் படிக்க முடியாத நிலை இருந்தது. அவர்கள் அதற்காகத் தமிழைக் கைவிடவில்லை; பொதுக் குறியீட்டைத் தேடினார்கள். நமக்கு எஞ்சியிருப்பது ஒரு கொம்பும் ஒரு காலும் மட்டுமே. கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். திறக்காவிட்டால் பைட்டை எண்ணிப் பாருங்கள்.